ஒரே பட்டறையில் பேனரும் மீமும்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, அதிமுகவினர் வைத்த பேனர் ஒன்றின் படம் செல்போன்களில் சுற்றியது. அந்த ஆண்டு ஜூலையில் வெளியான ‘பாகுபலி’ படத்தின் தொடக்கக் காட்சியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆற்று வெள்ளத்தில் மூழ்கும் சிவகாமி, கைக்குழந்தையை ஒற்றைக் கையால் நீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பாள். பேனரில் சிவகாமியின் இடத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா இருந்தார். குழந்தை யார் என்பதை நாமே புரிந்துகொள்ள வேண்டும். முதல் பார்வைக்கு யாரோ கிண்டலாகச் செய்த மீம் போலவே இருந்தது. ஆனால் அது முழு பக்தியோடு அச்சடித்த பேனர். அதே நாட்களில்தான், நிவாரணப் பொருட்கள் வரும் வண்டிகளை மறித்து ஜெயலலிதா படம் போட்ட ஸ்டிக்கரைக் கட்சிக்காரர்கள் ஒட்டுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. அடுத்த சில நாட்களில் கண்ணில் பட்ட பொருளின் மீதெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிய மீம்கள் குவிந்தன.

பேனருக்கும் மீமுக்கும் கருவி ஒன்றுதான், போட்டோஷாப். கச்சாப்பொருளும் ஒன்றுதான், ஊரே பார்த்த சினிமாவிலிருந்து எடுத்த ஒரு காட்சி. நடிகரின் தலையை எடுத்துவிட்டுத் தலைவரின் தலையை வைப்பது செய்முறை. ஒன்று புகழ்கிறது, மற்றது இகழ்கிறது என்கிறோம். அந்த வேறுபாட்டைப் படத்துக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. யார் வைத்தது, எங்கே வைத்தது, எப்போது வைத்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். இதன் பழைய வடிவத்துக்கு நம் அணி இலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறது. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, நெய் பூசி மாலை சூட்டிய ஆயுதங்களின் பளபளப்பை வியக்கிறார். எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. இதன் முற்பாதியைத் தொண்டைமானின் அவைப் புலவர் பாடியிருந்தால் கலப்படமில்லாத புகழாக இருந்திருக்கும்.

அரசியல்வாதிகளைப் பற்றிய மீம்களை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் அவற்றை எளியவர்களின் ஆயுதம் என்று கொண்டாடுகிறார்கள். மேடையில்லாதவனுக்கு மேடை கிடைத்தது, அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கும் துணிவு வந்தது என்பது வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தோடு பாதி தூரம்தான் நான் போகமுடியும். தமிழ் அரசியல் மீம், கட்அவுட்டையும் பேனரையும் வளர்த்த அதே பார்வைக்குப் பிறந்தது. அரசியல் என்றால் தலைவரின் முகம் என்பது அந்தப் பார்வை. பேனர் அந்த முகத்தைக் கும்பிடுகிறது, மீம் அதே முகத்தைக் கலாய்க்கிறது. முகத்துக்கு வெளியே இருக்கும் எதையும் இரண்டுமே பெரும்பாலும் பார்ப்பதில்லை.

மீம் என்ற சொல்லை 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கினார். மரபணு போல மனிதர்களிடையே பிரதியெடுத்துப் பரவும் பண்பாட்டுக் கூறு என்ற பொருளில். இணைய மீமுக்கு அந்த உயிரியல் உவமை அவ்வளவாகப் பொருந்தாது. லிமோர் ஷிஃப்மன் 2014இல் வெளிவந்த தன் நூலில் தந்த விளக்கம் இன்னும் உதவும்: ஒன்றையொன்று அறிந்தே உருவாகும் படங்களின் கூட்டம் அது. தனி மீம் என்று ஒன்று கிடையாது. ஒரு ஸ்டிக்கர் மீம் சிரிப்பை வரவழைப்பது, அதற்கு முன் நூறு ஸ்டிக்கர் மீம்களைப் பார்த்திருப்பதால்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கூட்டத்துக்கு இணையத்துக்கு முன்பே ஒரு வரலாறு இருக்கிறது. எம்.ஜி.ஆரின் திரை பிம்பம் எப்படி ஏழைகளின் அரசியல் நம்பிக்கையாக மாறியது, அந்த நம்பிக்கை எப்படி அவர்களுக்கே பொறியானது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வந்த தன் நூலில் காட்டினார். மதுரையில் கள ஆய்வு செய்த பெர்னார்ட் பேட், தலைவரைப் போற்றும் போஸ்டர்களிலும் நாளிதழ் விளம்பரங்களிலும் பக்தி இலக்கியத்தின் மொழி எப்படிப் புகுந்திருக்கிறது என்று விரிவாக எழுதினார். பிரெமிண்டா ஜேக்கப் கட்அவுட் ஓவியர்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 1990களில் ஜெயலலிதாவைத் தெய்வமாக வரைந்த பேனர்கள் சாதாரணம்; கன்னி மரியாளாகச் சித்தரித்தபோது கிறிஸ்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அன்றைக்குக் கைவண்ணத்தில் வரைந்ததை இந்த நூற்றாண்டில் பிளெக்ஸ் அச்சு எளிதாக்கியது. வட்டச் செயலாளர் பிறந்தநாளுக்குக்கூட ஒரே இரவில் பேனர் தயாரானது. பேனர் வடிவமைக்கும் கடைப் பையன் கற்றுக்கொண்ட அதே வித்தையைத்தான் கல்லூரி விடுதியில் இருந்த பையனும் கற்றுக்கொண்டான். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு, சாலையோர பேனர்களுக்கு எதிராக நீதிமன்றமும் மக்களும் கடுமை காட்டினார்கள். பேனரின் வேலையில் பெரும்பகுதி இப்போது செல்போன் திரைக்கு வந்துவிட்டது. கட்அவுட் தலைவரை ஆளுயரத்தைப் போலப் பத்து மடங்காக்கி நம்மை அண்ணாந்து பார்க்க வைத்தது. செல்போன் அவரை உள்ளங்கைக்குள் சுருக்கியது. அதனாலேயே அவருடைய செல்வாக்கும் சுருங்கிவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரம்.

ஏன் அவசரம் என்பதற்கு ஆப்பிரிக்கச் சிந்தனையாளர் அசீல் எம்பெம்பே உதவுகிறார். டோகோ, கேமரூன் போன்ற நாடுகளில் மக்கள் ஆளுங்கட்சியின் கோஷங்களைத் திரித்து ஆபாசமாக்கிச் சிரித்ததை அவர் எழுதுகிறார். அந்தச் சிரிப்பை எதிர்ப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்ல அவர் மறுக்கிறார். ஆட்சியாளரின் ஆடம்பரமும் ஆளப்படுவோரின் கேலியும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்றையொன்று பலவீனமாக்கியபடியே ஒன்றையொன்று தாங்கியும் நிற்கின்றன என்பது அவருடைய வாதம். சிரித்தவன் மறுநாள் அதே ஊர்வலத்தில் கொடி பிடிக்கவும் செய்வான். ஸ்டிக்கர் மீம்களின் கதையும் இதை ஒட்டியே போனது. 2016 தேர்தல் நெருங்கியபோது ஸ்டிக்கர் கிண்டலையும், தொலைக்காட்சியிலிருந்து தெருவுக்கு வந்திருந்த ‘என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா’ என்ற வாசகத்தையும் திமுக நாளிதழ்களில் காசு கொடுத்து விளம்பரமாகவே போட்டது. மீம் பக்கம் நடத்துகிறவர்களின் மொழி முதல் பக்க விளம்பரத்துக்கு ஏறியது அப்போதுதான். வெள்ளம் பார்த்த சென்னையில் திமுகவுக்குப் பெரும்பான்மைத் தொகுதிகள் கிடைத்தன. மாநிலத்தில் அதிமுகவே மீண்டும் ஆட்சிக்கு வந்தது. 1984க்குப் பிறகு ஆளுங்கட்சி ஒன்று தொடர்ந்து இரண்டாம் முறை வென்றது அதுவே முதல் தடவை.

இனி தெர்மாகோலுக்கு வருவோம். தமிழ் அரசியல் மீமின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான்.

2016இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு ஆண்டு ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மதுரைக்குக் குடிநீர் தரும் வைகை அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது. 2017 ஏப்ரல் 21 அன்று கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜு, அதிகாரிகள் புடைசூழ அணைக்குப் போய், தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க தெர்மாகோல் அட்டைகளை நீரின் மேல் மிதக்கவிட்டார். அட்டைகளைப் பழுப்பு நிற டேப்பால் ஒட்டி இணைத்திருந்தார்கள். காற்று அடித்தது. அமைச்சரும் கேமராக்களும் இருந்த கரைக்கே அட்டைகள் திரும்பி வந்து சேர்ந்தன. அன்று மாலைக்குள் அவர் ‘விஞ்ஞானி’ ஆகிவிட்டார். கடலை மூடும் தெர்மாகோல், சூரியனை மறைக்கும் தெர்மாகோல், நோபல் பரிசு வாங்கும் அமைச்சர் என்று மீம்கள் வாரக்கணக்கில் ஓயவில்லை. அந்தப் பட்டம் இன்றும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் அவரே மேடைகளில் அதைச் சொல்லிச் சிரிக்கவும் பழகிவிட்டார்.

அந்தச் சிரிப்பு எதைப் பார்த்தது, எதை விட்டது? நீர்ப்பரப்பை மூடி ஆவியாதலைக் குறைப்பது என்ற யோசனையில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. 2015 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கருப்பு பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டியது. தண்ணீரின் தரம் கெடாமல் காப்பதும் ஆவியாதலைக் குறைப்பதும் நோக்கம். வைகையில் தோற்றது செயல்முறை. காற்றின் வேகம் தெரியாமல், எடையில்லாத அட்டையை, டேப் ஒட்டி, பிடிமானம் இல்லாமல் விட்டதில் இருந்த பிழை பொறியியல் பிழை. அதை யோசித்து, கோப்பில் எழுதி, ஒப்புதல் கொடுத்து, சரக்கு வாங்கி, அமைச்சரை அழைத்து வந்து நிறுத்திய ஓர் அலுவலக வரிசையே அதன் பின்னால் இருந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர்கூட மீமில் இல்லை. 71 அடி அணையில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த வண்டலைத் தூர்வாராதது மீமில் இல்லை. மதுரையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த பெண்கள் இல்லை. இருந்தது, மதுரை வழக்கில் வெள்ளந்தியாகப் பேசும் ஓர் அமைச்சரின் முகம் மட்டும்.

மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் நகைக்கு நான்கு இடங்கள் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்கு உரை சொன்னவர்கள், பிறரை எள்ளி நகுவதையும் தான் எள்ளப்பட்டு நகுவதையும் சேர்த்தே சொன்னார்கள். பேதைமை அறியாமை, மடன், பிறர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. மேற்கத்தியக் கோட்பாட்டு நூல்களைப் புரட்டும் முன் இந்த நான்கைக் கையில் எடுத்துக்கொண்டால் மீம்களை நன்றாகவே பிரித்துப் பார்க்கலாம். தெர்மாகோல் மீம்கள் பேதைமையைப் பார்த்து நகுகின்றன. அதாவது, தெரிந்தவன் தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. மிகைல் பக்தின், ராப்லே பற்றி 1965இல் வெளியிட்ட நூலில், திருவிழாச் சிரிப்பையும் வெறும் நையாண்டியையும் பிரித்தது இந்த இடத்தில்தான். திருவிழாவில் சிரிக்கிறவன் தன்னையும் சேர்த்தே சிரிக்கிறான். நையாண்டிக்காரனோ தான் கேலி செய்யும் பொருளுக்கு மேலே போய் நின்றுகொள்கிறான். பக்தினை மேற்கோள் காட்டி மீமைத் திருவிழா என்று எழுதுபவர்கள், அவர் போட்ட இந்தக் கோட்டை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்.

தெர்மாகோலுக்குச் சிரித்தவர்கள் யார்? மடிக்கணினி வைத்திருந்தவர்கள், ஆங்கில வழியில் பொறியியல் படித்தவர்கள், நாட்டில் பொறியியல் கல்லூரிகள் மிகுந்த மாநிலங்களில் ஒன்றில் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. தகுதியுள்ள தனக்கு வேலையில்லை, தகுதியில்லாதவன் ஆள்கிறான் என்ற கோபம். ஆனால் அதற்குள் இன்னொரு பழைய குரலும் கலந்திருக்கிறது. படிப்பில்லாதவன் எல்லாம் மந்திரி என்று தமிழ்நாட்டின் மேல்தட்டு அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் அந்தக் குரல். சினிமா வந்த காலத்தில் தமிழ்ப் பண்பாட்டு மேட்டுக்குடியினர் அதை எப்படி அருவருப்போடு பார்த்தார்கள் என்று பாண்டியன் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். பாமரனின் ரசனையைக் கண்ட அந்த அருவருப்பு, பாமரனின் பேச்சைக் கண்ட சிரிப்பாக மீமில் தொடர்கிறது. அதிகாரத்தை நோக்கி மேலே எறிந்ததாக நினைக்கும் கல், பல சமயம் கீழே இருக்கும் மனிதர்களின் பேச்சின் மீதும் நிறத்தின் மீதும்தான் விழுகிறது.

வடிவேலுவைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ‘வின்னர்’ படத்தின் கைப்புள்ளை, 2006இல் வந்த புலிகேசி, அதே ஆண்டின் நாய் சேகர் எல்லாம் தமிழ் மீமின் எழுத்துகள் என்றே சொல்லலாம். ஒரு சராசரி மீமை எடுத்துப் பாருங்கள். மேலே தொலைக்காட்சியின் பிரேக்கிங் நியூஸ் அட்டை. கீழே உதடு பிதுங்கிய வடிவேலு. மூலையில் ஒரு பக்கத்தின் லோகோ, அதன் மேல் அதைத் திருடிய பக்கத்தின் லோகோ. பத்து வாட்ஸ்அப் குழுக்களைத் தாண்டி வந்ததில் படம் மங்கிப்போயிருக்கும். வசனம் எழுதியிருக்கத் தேவையில்லை. முகத்தைப் பார்த்ததும் குரல் காதில் கேட்டுவிடும். படத்தின் பொருள் பல பக்கம் ஓடாமல் இருக்க, கூட இருக்கும் எழுத்து நங்கூரம் போடுகிறது என்று ரொலான் பார்த் 1964இல் எழுதினார். தமிழ் மீமில் இது தலைகீழ். செய்தி எழுத்தில் இருக்கிறது. அதை எந்தத் தொனியில் வாசிக்க வேண்டும் என்று வடிவேலுவின் முகம் சொல்கிறது. பாமரனும் அமைச்சரின் அறிக்கைக்கு உரை எழுதும் வசதி இப்படிக் கிடைத்தது. இது பெரிய காரியம். நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதே வடிவேலு இரண்டு விதமாகப் பயன்படுகிறார். சில மீம்களில் வடிவேலு நாமே: ஏமாந்து, அடி வாங்கி, சட்டை கிழிந்து, இருந்தும் நம்பிக்கை விடாமல் அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கும் வாக்காளன். இது மடனிலிருந்து பிறக்கும் நகை, தன்னையும் சேர்த்துச் சிரிப்பது. வேறு சில மீம்களில் வடிவேலு அரசியல்வாதி: கருத்த, குட்டையான, வாய்ச்சவடால் விட்டு அடி வாங்கும் கிராமத்து உடல், முட்டாள்தனத்துக்கு அடையாளமாக நிற்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் போடக்கூடாது. 2011 தேர்தலில் திமுகவுக்காக விஜயகாந்தைத் தாக்கிப் பிரசாரம் செய்த வடிவேலுவுக்கு, ஆட்சி மாறியதும் பட வாய்ப்புகள் அருகிப்போயின. சினிமாவில் அவர் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் மீமில் அவர் எங்கும் இருந்தார். அரசியல் பேசியதால் வேலை இழந்த நடிகரின் முகத்தை வைத்து ஒரு மாநிலமே அரசியல் பேசியது. 2023இல் மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ அவரைத் தலித் சட்டமன்ற உறுப்பினராக, நாற்காலியில் உட்கார அனுமதிக்கப்படாதவராகக் காட்டியபோது, இத்தனை நாள் எந்த உடலைப் பார்த்துச் சிரித்தோம் என்ற கேள்வி மீம் போட்டவர்களுக்கும் உரியது.

அந்தக் கேள்வியின் கடுமையான பதில் விஜயகாந்தின் கதை. 2005இல் தேமுதிகவைத் தொடங்கி, 2011இல் 29 இடங்கள் வென்று எதிர்க்கட்சித் தலைவரானவர், 2016இல் முதலமைச்சர் வேட்பாளராக நின்று உளுந்தூர்பேட்டையில் வைப்புத்தொகையை இழந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய குழறும் பேச்சும் தடுமாறும் நடையும் மீம் பக்கங்களுக்கு அன்றாடத் தீனி. குடி என்றே எல்லோரும் எழுதினார்கள். உடல்நலக் குறைவு வெளிப்படையாகத் தெரிந்த பின்னும் சிரிப்பு உடனே நிற்கவில்லை. 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தபோது, கிண்டல் செய்ததற்கு வருந்தும் பதிவுகள் அலையாக வந்தன. அந்த வருத்தமும் முகத்தைச் சுற்றியே இருந்தது: கெட்டவர் என்றோம், நல்லவராக இருந்தார். அவருடைய கட்சி என்ன சொன்னது, ஏன் எழுந்தது, ஏன் சரிந்தது என்ற பேச்சு அன்றும் இல்லை, பிறகும் இல்லை. பாஜக மாநிலத் தலைவராக இருந்த தமிழிசை சௌந்தரராஜனின் தலைமுடியையும் நிறத்தையும் வைத்து ஓடிய மீம்கள் இதைவிட மோசம். அவரே பேட்டிகளில் அதைப் பற்றிப் பேசினார். அவருடைய கட்சியின் கொள்கையை எதிர்க்க ஆயிரம் காரணம் உள்ளவர்கள், ஒரு பெண்ணின் சுருட்டை முடியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெரியார் பெயரைச் சொல்லும் பக்கங்களும் இதில் விலக்கல்ல.

சட்டத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எழுத்துக்கு ஆசிரியர் என்று ஒருவர் தேவைப்பட்டதே, தண்டிக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோதுதான் என்று மிஷெல் ஃபூக்கோ 1969இல் ஆற்றிய உரையில் சொன்னார். 1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு, தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் சில நாட்களில் விடுவித்தது. டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக 2015 அக்டோபரில் பாடகர் கோவன் மீது தேசத்துரோக வழக்கு. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றி வரைந்த கார்ட்டூனுக்காக 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைது. இவர்கள் எல்லோருக்கும் பெயர் இருந்தது. மீமுக்குப் பெயர் இல்லை, லோகோதான் இருக்கிறது. அதனால் தண்டனை வேறு கைகளைத் தேடுகிறது. 2019 மே மாதம் மம்தா பானர்ஜியின் முகத்தை ஒரு நடிகையின் உடலில் பொருத்திய படத்துக்காக மேற்கு வங்கக் காவல்துறை பிடித்தது, அதைப் பகிர்ந்த ஒரு பாஜக இளைஞரணிப் பெண்ணை. உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அரசியல் கார்ட்டூனுக்கு ஒரு கையெழுத்தும், அந்தக் கையெழுத்துக்கு ஒரு பொறுப்பும் இருந்தன. மீமின் துணிச்சல் ஒளிவிலிருந்து வருவது. அதன் கொடூரமும் அங்கிருந்தே வருகிறது.

அந்த ஒளிவிடத்துக்குள் கட்சிகளின் ஐ.டி. விங் எப்போதோ குடிவந்துவிட்டது. தன்னிச்சையான சிரிப்பு எது, சம்பளச் சிரிப்பு எது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பண்பாட்டுத் தொழிற்சாலை பற்றி எழுதிய அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் இதைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, எந்த மீமை நான் மதிக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். முகத்தைத் தாண்டும் மீம் உண்டு. அது பெரும்பாலும் எளிமையானது: இடப்பக்கம் அன்று, வலப்பக்கம் இன்று. 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே அதிமுக அரசு டாஸ்மாக் கடைகளைத் திறந்ததைக் கண்டித்து மு.க. ஸ்டாலினும் திமுகவினரும் கருப்பு உடையில் வீட்டு வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். ஓராண்டுக்குப் பின், 2021 ஜூனில், அதே ஸ்டாலின் முதலமைச்சராக இருந்தபோது, கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்வதற்குள் 27 மாவட்டங்களில் கடைகள் திறந்தன. பழைய புகைப்படம் புதிய செய்திக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யாருடைய மூக்கையும் முடியையும் அது தொடவில்லை. இரண்டு தேதிகளை அருகருகே வைத்தது, அவ்வளவுதான். ஆட்சி எதுவானாலும் மதுக்கடை வருவாயை விடமுடியாத ஓர் அரசின் கணக்கு அங்கே தெரிந்தது. வடிவேலு துணைக்கு வந்தாலும் வராவிட்டாலும் இது சிரிப்பை வரவழைக்கிறது; சிரித்த பின் யோசிக்கவும் ஏதோ மிஞ்சுகிறது. எதிர்க்கட்சியின் ஐ.டி. விங்கே அதைப் போட்டிருந்தாலும் வாதம் கெட்டுப்போகாது.

கோட்பாடு படித்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு: எதைப் பார்த்தாலும் எதிர்ப்பு என்று வாசித்துவிடுவது. 2019 மே மாத இறுதியில் ட்விட்டரில் நடந்த நேசமணி கூத்து அதற்கு நல்ல மருந்து. சிவில் இன்ஜினியரிங் சார்ந்த ஒரு முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. 2001இல் வந்த ‘ப்ரண்ட்ஸ்’ படத்தில் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சியை நிஜ விபத்துபோல ஒரு தமிழர் பதிலாக எழுதினார். நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹாஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது. மே 30 அன்று நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பதவியேற்றார். ஒரு வாரத்துக்கு முன்புதான் தமிழ்நாட்டில் தேர்தல் நடந்த 38 தொகுதிகளில் 37ஐ திமுக அணி வென்றிருந்தது. உடனே, பதவியேற்பை மறைக்கத் தமிழர்கள் செய்த நுட்பமான கலகம் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். கலகம் செய்ய விரும்பியபோது தமிழ்நாடு அதை நேரடியாகவே செய்தது; 2018 ஏப்ரலில் கருப்பு பலூன் பறக்கவிட்டு ‘கோ பேக் மோடி’ என்று எழுதியது. நேசமணி வெறும் விளையாட்டு. நண்பர்கள் கூடி ஒரு பழைய படத்தை நினைத்துச் சிரித்தார்கள். அதை அப்படியே விடுவதும் வாசிப்பின் ஒழுக்கம்தான்.

இந்த வேறுபாடுகளைப் பார்க்க, மீம் எப்போது, எந்தப் பக்கத்தில், எந்தச் செய்திக்கு மறுநாள் வந்தது என்று தெரிய வேண்டும். பாகுபலி பேனரைப் புகழா இகழா என்று சொல்ல அந்தத் தகவல்தான் தேவைப்பட்டது. 2015இன் ஸ்டிக்கர் மீம்களைத் தேடுகிறவருக்கு இன்று கிடைப்பவை தேதி இல்லாத, ஊர் தெரியாத, மங்கிய படங்கள். பல பக்கங்கள் மூடிவிட்டன, கணக்குகள் அழிந்துவிட்டன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நோட்டீசுகளையும் சினிமா பாட்டுப் புத்தகங்களையும் குப்பை என்று ஒதுக்காமல் சேர்த்து வைத்ததால்தான், தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு வெகுசனப் பண்பாட்டைப் பற்றி நம்மால் ஆய்வு செய்ய முடிகிறது. நம் பல்கலைக்கழகங்களின் இதழியல் துறைகளும் தமிழ்த் துறைகளும் மீமுக்கு அந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும். பழைய போனில் மீம்களைச் சேர்த்து வைத்திருக்கும் வாசகர்கள், அழிக்கும் முன் தேதியையும் வந்த குழுவையும் குறித்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.